தரையில் பறந்த நாற்பத்தெட்டு நிமிடம்

அவ்விரு விமான நிலையங்களுக்கும் இடையே உள்ள தொலைவு ஆயிரத்து இருநூற்று நாற்பது கிலோமீட்டர் என்றும், அதைக் கடக்க ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆகும் என்றும் தூர நிர்ணய வாரியம் தீர்மானித்து அச்சிட்டிருந்தது. தீர்மானத்தில் குற்றம் காண இடமில்லை. விமானங்கள்தாம் அதைப் படிக்கத் தவறின.

அன்று காலை எட்டு மணிக்குப் புறப்பட்ட விமானம் ஒன்பது மணி இரண்டு நிமிடத்துக்குத் தரையைத் தொட்டது. தடதடவென ஓடி, வேகம் தணிந்து, ஓடுபாதையின் கோடியில் ஒரு புல்வெளியோரமாய் நின்றது. பதினேழாம் வரிசையில் நடைவழியை ஒட்டி அமர்ந்திருந்த மெத்தைக்காரர் தம் இடுப்புப் பட்டையை அவிழ்த்துக்கொண்டு எழுந்தார். எழுந்தவர் அவர் ஒருவரே.

அவர் சோபாக்களுக்கும் பேருந்து இருக்கைகளுக்கும் பஞ்சடைத்து உறை தைப்பவர். விமானத்தில் ஏறியது இதுவே முதல் தடவை. எனவே மற்றவர்கள் அமர்ந்திருப்பதைக் கண்டதும், தாம்தாம் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணி மீண்டும் அமர்ந்தார்.

ஒலிபெருக்கியில் பணிப்பெண்ணின் குரல் கேட்டது.

“பயணிகளின் கவனத்துக்கு. நாம் இன்னும் நாற்பத்தெட்டு நிமிடத்தில் தரையிறங்குவோம். அதுவரை பட்டையை அணிந்தே இருக்கவும். ஜன்னல் திரைகளை இறக்கிவிடவும். வெளியே பார்ப்பது தவறான முடிவுகளுக்கு இட்டுச் செல்லக்கூடும்.”

நூற்று முப்பது திரைகள் ஒருசேர இறங்கின. பழகிய கைகள். சிலர் தலையணையை எடுத்துக் கழுத்துக்குப் பின்னால் செருகினர். அதே வரிசையின் ஜன்னலோர இருக்கையில் இருந்த நரைத்த அம்மாள் பையைத் திறந்து, நீலக் கம்பளி நூலையும் இரண்டு ஊசிகளையும் எடுத்து, விட்ட இடத்திலிருந்து பின்னத் தொடங்கினார்.

“அம்மா, வண்டி நின்னுடுச்சுல்ல?” என்றார் மெத்தைக்காரர்.

“நின்னுடுச்சு தம்பி. ஆனா வந்து சேரல.”

அப்போது அவருடைய சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. அக்காவின் கணவர்.

“மாப்ளே, எங்கே இருக்கே?”

“இறங்கியாச்சு அத்தான். சீக்கிரமே வந்துடுச்சு.”

மறுமுனையில் பெருமூச்சு ஒன்று கேட்டது. “நல்லவேளை. பன்னிரண்டு மணிக்கு வச்சிருந்த ஆபரேஷனை இப்பவே பண்ணணுங்கறாங்க. அக்காவுக்கு உள்ளுக்குள்ள ரத்தம் கசியுது. ஒன்பதே முக்காலுக்கு நீ இங்கே கட்டில்ல படுத்துக் கையை நீட்டியாகணும். உன் ரத்தம் கையில இல்லாம கத்தியை எடுக்க முடியாதுன்னு டாக்டர் கறாரா சொல்லிட்டாரு.”

இதில் மிகையேதும் இல்லை. அக்காவின் ரத்த வகை லட்சத்தில் ஒருவருக்கு இருப்பது. அந்த ஒருவர் எங்கெங்கோ இருக்க, குடும்பத்தில் தம்பிக்கு மட்டும் அது வாய்த்திருந்தது. பரிசோதனைகளெல்லாம் சென்ற மாதமே முடிந்துவிட்டன. ரத்தம் இருந்த உடல்தான் இன்னும் வந்து சேர வேண்டியிருந்தது. விமான நிலையத்திலிருந்து மருத்துவமனை காரில் கால் மணி நேரத் தொலைவு. அத்தொலைவை எந்த வாரியமும் நிர்ணயித்திருக்கவில்லை.

“இதோ வந்துடறேன் அத்தான்,” என்றார் மெத்தைக்காரர். நேரம் ஒன்பது ஆறு.

பணிப்பெண் விரைந்து வந்தார். “சார், பறக்கும்போது ஃபோன் பேசக் கூடாது.”

“பறக்கலையேம்மா.”

“அதை நீங்க முடிவு பண்ண முடியாது சார். நானும் முடிவு பண்ண முடியாது. பைலட்டே முடிவு பண்ண முடியாது.” அவர் குரலைத் தாழ்த்தினார். “போன வருஷம் ஒரு பைலட் முடிவு பண்ணினார். இப்போ அவர் சாமான் வண்டி ஓட்டறார்.”

மெத்தைக்காரர் அம்மாளிடம் திரும்பி, விஷயத்தை ஒரே மூச்சில் சொன்னார். அம்மாளின் ஊசிகள் ஒரு கணம் நின்றன.

“கூடப் பிறந்த அக்காவா?”

“ஆமாம்மா. என்னைத் தூக்கி வளர்த்தவங்க.”

“அப்போ விவரம் தெரிஞ்சுக்கோங்க தம்பி. நான் வாராவாரம் இதுல போறவ. இதுவரைக்கும் மூணு ஸ்வெட்டர் முடிச்சிருக்கேன். எல்லாம் இறங்கினதுக்கப்புறம் பறந்த நேரத்துல.”

அம்மாள் சொன்ன விவரம் இதுதான். பழங்காலத்தில் காற்றாடி விமானங்கள் இவ்வழியே பறந்தபோது உண்மையாகவே ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆயிற்று. வாரியம் அதைப் பதிவேட்டில் ஏற்றியது. பின்னர் வேகமான விமானங்கள் வந்தன. ஒரு மணி நேரத்தில் வந்து சேர்ந்தன. வாரியம் அதனை ஒழுங்கீனமாகக் கருதியது. பதிவேட்டுக்கு முன்னதாக வருவதும் பதிவேட்டை மீறுவதே அன்றோ. எனவே முன்னதாக வரும் விமானம், உரிய நேரம் நிறையும்வரை பறந்துகொண்டிருப்பதாகவே கொள்ளப்படும் என்று விதி எழுதப்பட்டது.

சில காலம் கழித்து ஒரு கணக்கு வாத்தியார் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அப்போதைய தூரமான அறுநூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டரை நூற்றுப் பத்து நிமிடத்தில் கடப்பதென்றால் விமானத்தின் வேகம் பாதியாக அல்லவா இருக்கிறது என்று கேட்டார். கேள்வி நியாயமானது என்பதை வாரியம் ஒப்புக்கொண்டது. பதினோரு அமர்வுகள் நடந்தன. நேரத்தைக் குறைத்தால் முன்னைய தீர்மானம் பிழை என்றாகிவிடும் என்பதால், பன்னிரண்டாம் அமர்வில் தூரத்தைக் கூட்டினார்கள். அறுநூற்றுத் தொண்ணூறு, ஆயிரத்து இருநூற்று நாற்பது ஆயிற்று. வகுத்துப் பார்த்தபோது வேகம் சரியாக வந்தது. இடையிலிருந்த ஊர்கள் எதுவும் நகரவில்லை. ரயில்பாதை பழைய எழுநூற்று இருபதிலேயே கிடந்தது. ஆகவே அன்றுமுதல் வளைந்து வளைந்து போகும் ரயில்பாதையைவிட வானத்து நேர்கோடு ஐந்நூற்று இருபது கிலோமீட்டர் நீளமானது.

“அந்த வாத்தியார் ஒண்ணும் சொல்லலையா?”

“அவரை அமர்வுக்குக் கூப்பிட்டு, கணக்கு சரியா வருதான்னு போட்டுப் பார்க்கச் சொன்னாங்க. போட்டார். சரியா வந்துச்சு. என்னத்தைச் சொல்வார் பாவம்.”

நேரம் ஒன்பது பத்து. முன்பக்கத்துக் கதவு திறந்தது. வெயிலின் ஒரு பட்டை நடைவழியில் விழுந்து, உடனே மறைந்தது. வாரியத்தின் நிர்ணய அதிகாரி உள்ளே வந்தார்; அவருடன் வந்த இரண்டு காவலர்கள் கதவின் குறுக்கே நின்றுகொண்டனர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கக்கத்தில் தடித்த பதிவேடு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் பேனா. காலணியின் ஓரத்தில் புல் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு வரிசையாக நின்று, பயணிகள் பறந்துகொண்டிருக்கிறார்களா என்று சரிபார்த்துக் குறியிட்டார்.

பதினேழாம் வரிசைக்கு அவர் வரும்வரை மெத்தைக்காரர் காத்திருக்கவில்லை. எழுந்து போய் வழிமறித்தார்.

“சார், நான் உடனே இறங்கணும். அக்கா உயிர் ஊசலாடுது.”

அதிகாரி அவரைக் கனிவோடு பார்த்தார். கனிவு காட்டுவதற்கு விதியில் தடையில்லை. “நிச்சயமா இறங்கலாம். ஒன்பது ஐம்பதுக்கு.”

“இப்போ இறங்கணும் சார்.”

“இப்போ நாம எண்ணூறு கிலோமீட்டர் சொச்சம் வந்திருக்கோம். கீழே மலை.”

“கீழே புல்லு சார். உங்க ஷூவுலயே ஒட்டியிருக்கு.”

அதிகாரி குனிந்து பார்த்தார். புல்லை எடுத்துக் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டார். “இதை அறிக்கையில சேர்க்கணும்,” என்றார்.

“நீங்க எப்படி சார் ஏறினீங்க? படிக்கட்டு வழியாத்தானே?”

“நான் ஏறல. நான் பணியில இருக்கேன். பயணிதான் ஏறுவார், இறங்குவார். அதிகாரி ஆய்வு பண்ணுவார்.”

மெத்தைக்காரரின் தொழிலில், ஒரு மெத்தை எங்கே தொய்ந்திருக்கிறது என்பதை உள்ளங்கையால் அழுத்தியே கண்டுபிடித்துவிடலாம். இம்மனிதரில் எங்கே அழுத்தினாலும் ஒரே இறுக்கமாக இருந்தது. அவர் வேறு வழியில் முயன்றார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

“சார், வலிக்குது. மாரடைப்பு மாதிரி இருக்கு.”

அதிகாரி சுறுசுறுப்பானார். பதிவேட்டின் பிற்பகுதியைத் திறந்தார். “அப்படிச் சொல்லுங்க. இதுக்கு வழி இருக்கு. நடுவானில் நோய்கண்டால் அருகிலுள்ள விமான நிலையத்துக்குத் திருப்பணும். இப்போ மணி ஒன்பது பதினாலு. எழுபத்துநாலு நிமிஷம். அதாவது எண்ணூத்து முப்பத்துநாலாவது கிலோமீட்டர்.” பேனாவால் வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்தார். “பக்கத்துல இருக்கறது மலையடிவார நிலையம். பைலட்கிட்ட சொல்லிடறேன். இப்பவே எழும்பினா முப்பது நிமிஷத்துல அங்கே. ஆம்புலன்ஸ் தயாரா இருக்கும்.”

“இங்கேயே இறக்கிவிடுங்க சார். இந்த ஊர்லயும் ஆம்புலன்ஸ் இருக்கு.”

“இந்த ஊர் நானூத்து ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கு. நெஞ்சு வலியோட உங்களை அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போனா நான் மனுஷனா?”

அதிகாரி விமானியின் அறையை நோக்கி இரண்டடி வைத்துவிட்டார். எஞ்சின் உறுமத் தொடங்கியது. அது வழக்கமான உறுமலா, கிளம்பும் உறுமலா என்று மெத்தைக்காரருக்குத் தெரியாது. அவர் பாய்ந்து அதிகாரியின் முழங்கையைப் பற்றினார்.

“வலி போயிடுச்சு சார்.”

“முழுசாவா?”

“சுத்தமாப் போயிடுச்சு.”

அதிகாரி சற்று ஏமாற்றத்துடன் எழுதினார்: ‘வலி, 834ஆம் கிலோமீட்டரில் நீங்கியது.’ பிறகு, பயணிகள் அனைவரும் தம்மைப் பார்ப்பதை உணர்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் சொற்பொழிவாற்றக்கூடியவர் என்பது அப்போதுதான் தெரிந்தது.

“ஐயா, உங்க அவசரம் எனக்குப் புரியுது. எனக்கும் அக்கா இருக்காங்க. ஆனா ஒண்ணு யோசிங்க. இந்த வழித்தடத்துல பதினாலு வருஷமா ஒரு விமானமாவது தாமதமா வந்திருக்கா? இல்லை. உலகத்துல எங்கேயும் இல்லாத பெருமை இது. எப்படிச் சாதிச்சோம்? விமானத்தை நம்பினதால இல்லை. பதிவேட்டை நம்பினதால. மழை, பனி, எதிர்க்காத்து, எது வந்தாலும் எங்ககிட்ட நாற்பத்தெட்டு நிமிஷம் கையிருப்பு இருக்கு. அதுல ஒரு நிமிஷத்தை இன்னைக்கு உங்களுக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேட்பாங்க. அப்புறம் மக்கள் என்ன எதிர்பார்ப்பாங்க? விமானம் வந்ததும் வந்துடணும்னு எதிர்பார்ப்பாங்க. அந்த எதிர்பார்ப்பை எங்களால நிறைவேத்த முடியாது. அதுக்கு எங்ககிட்ட ஆள் இல்லை. இருக்கற இருநூத்துப் பன்னிரண்டு பேரும் விமானத்தை நிறுத்தி வைக்கறதுக்கே போதல.”

பின்வரிசையில் ஒருவர் கைதட்டினார். தூக்கக் கலக்கத்தில் தட்டியிருக்கக்கூடும்.

கைப்பேசி மறுபடியும் அதிர்ந்தது. மெத்தைக்காரர் அதைக் காதில் வைத்தார். அத்தானின் குரல் மாறியிருந்தது.

“மாப்ளே, கார்ல ஏறிட்டியா? அக்காவை உள்ளே கொண்டு போயிட்டாங்க. உன் பேரைத்தான் சொல்லிக்கிட்டே போறா. எங்கே இருக்கே?”

எங்கே இருக்கிறார் என்பதற்கு அவரிடம் இரண்டு விடைகள் இருந்தன. இரண்டையும் அத்தானிடம் சொல்ல முடியாது. “பக்கத்துலதான் அத்தான்,” என்றார். நேரம் ஒன்பது பதினெட்டு.

அவர் கதவைப் பார்த்தார். கதவின் குறுக்கே நின்ற இரண்டு காவலர்களையும் பார்த்தார். அவருடைய சட்டைமுனையை யாரோ இழுத்தார்கள். இருக்கையிலிருந்து எழுந்து வந்திருந்த பின்னல் அம்மாள்.

“தம்பி, விழுந்துட்டேன்னு எழுதிக் குடுத்துடுங்க.”

“என்னம்மா சொல்றீங்க?”

“முப்பத்தோராம் படிவம். பயணி தன் விருப்பத்தில் நடுவானில் விமானத்தை விட்டு நீங்குதல். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மாப்பிள்ளைப் பையன் முகூர்த்தத்துக்கு நேரமாச்சுன்னு அதைத்தான் எழுதினான்.”

அதிகாரியின் முகம் சுருங்கியது. “இந்த அம்மா வக்கீலா?”

“ஸ்வெட்டர் பின்னறவ. நாற்பத்தெட்டு நிமிஷம் சும்மா இருந்தா உங்க விதிப் புத்தகத்தையும் படிக்கத்தானே வேண்டியிருக்கு.”

அப்படி ஒரு படிவம் இருப்பதை மறைக்கலாகாது என்றும் ஒரு விதி இருந்திருக்க வேண்டும். அதிகாரி மனமில்லாமல் பதிவேட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து மஞ்சள் தாள் ஒன்றைக் கிழித்தார்.

“நல்லா யோசிச்சுக் கையெழுத்துப் போடுங்க. முப்பத்தோராயிரம் அடி உயரத்திலிருந்து, பாராசூட் இல்லாம, யாருடைய தூண்டுதலும் இல்லாம நீங்கறீங்க. இதோட நீங்க பயணி இல்லை. காலமானவர்.”

“அந்த மாப்பிள்ளை என்ன ஆனார் சார்?”

“பெண்ணுக்கு விதவைச் சான்று குடுத்தோம். உடனடியா. ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை.”

மெத்தைக்காரர் முதுகை வளைத்து, இருக்கையின் சாய்மானத்தில் தாளை வைத்துக் கையெழுத்திட்டார். காலமானவரின் நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் அத்தானின் பெயரையும் எண்ணையும் எழுதினார். ‘கடைசி ஆசை’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தயங்கினார். ‘சீக்கிரம்’ என்று எழுதினார். நேரம் ஒன்பது இருபத்தொன்று.

காவலர்கள் விலகினர். அவர் முப்பத்தோராயிரம் அடி உயரத்திலிருந்து பதினேழு படிகளில் விழுந்தார். கீழே எண்ணெய்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த ஊழியர், வழக்கப்படி, தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். “வாசல் அந்தப் பக்கம் இல்லை சார். அது வந்து சேர்ந்தவங்களுக்கு. நீங்க சரக்குப் பக்கமாப் போகணும்,” என்று கைகாட்டினார்.

மெத்தைக்காரர் ஓடினார். சரக்குக் கூடத்தின் வாசலில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஓர் எழுத்தர். மஞ்சள் தாளை வாங்கி இருபுறமும் பார்த்தார்.

“உடலை யார் வாங்கிக்கறாங்க?”

“நான்தான்.”

“உறவு?”

மெத்தைக்காரருக்கு மூச்சு வாங்கியது. “ரொம்ப நெருக்கம் சார். பிறந்ததிலேருந்து கூடவே இருக்கேன்.”

எழுத்தர் பேனாவை நிறுத்தினார். தலையை நிமிர்த்தி, எதிரே வியர்வை வழிய நின்றவரையும் தாளையும் மாறிமாறிப் பார்த்தார். கூடத்தின் சுவரில் வினாடி முள் அரை வட்டம் சுற்றியது. அந்த அரை நிமிடத்தில் அவர் மனத்தில் என்ன ஓடியது என்பது பதிவாகவில்லை.

“உடல் நல்ல நிலையில இருக்கா?”

“இருக்கு சார். ஆனா ரொம்ப நேரம் தாங்காது.”

“ஆமா, வெயில் காலம்,” என்று சொல்லி எழுத்தர் முத்திரை குத்தினார். “ஆழ்ந்த அனுதாபம். அடுத்து.” அடுத்து யாரும் இல்லை.

வாடகைக் கார்க்காரர் இரண்டு சிவப்பு விளக்குகளை மதிக்கவில்லை. மெத்தைக்காரர் ரத்த வங்கியின் கட்டிலில் படுத்துக் கையை நீட்டியபோது மணி ஒன்பது நாற்பத்துநான்கு. செவிலி ஒன்றும் கேட்கவில்லை. கையைத் தட்டி நரம்பைத் தேடி ஊசியை ஏற்றினார். அத்தான் தலைமாட்டில் நின்று மைத்துனரின் நெற்றியை ஈரத்துணியால் துடைத்தார். பை மெதுவாக நிறையத் தொடங்கியது.

பாதி நிறைந்தபோது அத்தானின் கைப்பேசி ஒலித்தது.

“வணக்கம். தூர நிர்ணய வாரியத்திலிருந்து பேசறோம். இரங்கல் பிரிவு. விமானம் ஒன்பது ஐம்பதுக்குச் சரியா வந்து சேர்ந்துடுச்சு. ஆனா உங்க மைத்துனர் வந்து சேரல. வழியில தவறிட்டார்.”

அத்தான் படுத்திருந்தவரைப் பார்த்தார். “அவர் இங்கேதான் சார் இருக்கார். என் முன்னாடி படுத்திருக்கார்.”

மறுமுனையில் தாள்கள் புரளும் ஒலி. “உயிரோடவா?”

“உயிரோடதான்.”

“அப்போ சிக்கல். நடுவானில நீங்கினவர் உயிரோட இருந்தா நீங்கினது செல்லாது. செல்லாட்டி அவர் இன்னும் பயணிதான். பயணின்னா இருபத்தொன்பது நிமிஷம் பாக்கி இருக்கு. வண்டி அனுப்பறோம். வந்து உட்கார்ந்து முடிச்சுக் குடுத்துட்டுப் போகட்டும். மருத்துவமனை வாசல்லயே எங்க ஆள் இருக்கார், இப்பவே உள்ளே வரச் சொல்லட்டுமா?”

அத்தான் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். கதவுக்கு அப்பால், நடைகூடத்தில், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கக்கத்தில் பதிவேட்டுடன் யாரிடமோ வழி கேட்டுக்கொண்டிருந்தார். செவிலி பையை அசைத்துப் பார்த்து இன்னும் ஐந்து நிமிடம் என்று விரல்களால் காட்டினார்.

“என்கிட்டக் குடுங்க அத்தான்,” என்றார் மெத்தைக்காரர். இடக்கையால் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். “சார், நான்தான் பேசறேன். காலமானவர்.”

“நல்லது. நேர்ல உறுதிப்படுத்தறது எப்பவுமே நல்லது. விழுந்தது உண்மைதானே?”

“உண்மைதான் சார்.”

“யாராவது தள்ளிவிட்டாங்களா?”

“இல்லை. நானா விழுந்தேன்.”

“உங்க உறவினர் நீங்க உயிரோட இருக்கறதாச் சொல்றாரே.”

“துக்கத்துல சொல்றார் சார். மனசு ஏத்துக்க மாட்டேங்குது.”

அத்தான் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் திரும்பினார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவருடைய தோள்கள் குலுங்குவது தெரிந்திருக்கும். கண்ணாடிக்கு அப்பால் வெள்ளைச் சட்டைக்காரர் அதைக் கண்டு, மரியாதையாக நின்றுவிட்டார்.

“புரியுது. கடைசிக் கேள்வி. வலி இருந்ததா?”

மெத்தைக்காரர் தம் வலக்கையைப் பார்த்தார். “கொஞ்சம் இருந்துச்சு. ஊசி குத்தின மாதிரி.”

“குறிச்சுக்கிட்டேன். வாரியம் உங்க குடும்பத்தோட துக்கத்துல பங்கெடுத்துக்குது.”

செவிலி ஊசியை உருவிப் பஞ்சை வைத்து அழுத்தினார். கனத்த பையை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு நடைகூடத்தில் ஏறக்குறைய ஓடினார். வெள்ளைச் சட்டைக்காரர் அவருக்கு வழிவிட்டு, பதிவேட்டில் எதையோ அடித்துவிட்டு, வந்த வழியே போனார். அறுவை அரங்கின் கதவு மூடியது. அத்தானும் மைத்துனரும் எதிரே இருந்த பெஞ்சியில் மூன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒன்றரை மணிக்கு மருத்துவர் வெளியே வந்து முகமூடியைக் கழற்றினார். “பிழைச்சுக்கிட்டாங்க,” என்றார். அதற்கு மேல் அவர் சொன்னவை இருவர் காதிலும் விழவில்லை.

மாலையில் அக்கா கண்விழித்தார். முதலில் கணவரைப் பார்த்தார். பிறகு காலடியில் நின்ற தம்பியை நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

“ஏன்டா இப்படி வெளுத்துப் போயிருக்கே? செத்தவன் மாதிரி.”

அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மெத்தைக்காரர் போர்வையை அக்காவின் தோள்வரை இழுத்துவிட்டார்.

“பதிவேட்டுல அப்படித்தான்க்கா,” என்றார்.